உள்ளிருந்து உடைபடும் அதிகாரம்

1986 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினி வாடகைக் கணக்கு 75 சென்ட் உதைத்தது. வானியலில் இருந்து கணினிப் பிரிவுக்கு அப்போதுதான் வந்திருந்த கிளிஃப் ஸ்டோலிடம் அதைச் சரிபார்க்கும் வேலை வந்து சேர்ந்தது. யாரோ முன்பின் தெரியாத ஒருவர் கணினிக்குள் வந்து, கட்டண முகவரியே இல்லாத ஒரு கணக்கைத் தொடங்கியிருந்தார். அப்படியொரு கணக்கைத் தொடங்கும் அதிகாரம் அந்த யூனிக்ஸ் கணினியில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு: ரூட் எனப்படும் தலைமைப் பயனர். வெளியிலிருந்து வந்தவர் எப்படி ரூட் ஆனார்?

வழி ஒரு சாதாரண மின்னஞ்சல் உதவி நிரலில் இருந்தது. குனு ஈமேக்ஸ் தொகுப்பில் மூவ்மெயில் என்றொரு சிறு நிரல் உண்டு. பயனருக்கு வந்த அஞ்சலைப் பொதுக் கோப்பிலிருந்து எடுத்து அவருடைய அடைவுக்குள் போடுவது அதன் வேலை. அந்த ஆய்வகத்தில் அது ரூட் அதிகாரத்தோடு நிறுவப்பட்டிருந்தது. எந்தக் கோப்பை எங்கே போடச் சொல்கிறார்கள் என்று அது பார்க்கவில்லை. ஊடுருவியவர் தன் சொந்த நிரல் ஒன்றை எழுதி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இயங்குதளம் தானாகவே ஓட்டும் ஏட்ரன் என்ற நிரலின் இடத்தில் அதைக் கொண்டுபோய் வைக்கும்படி மூவ்மெயிலைக் கேட்டார். அதுவும் வைத்தது. ஐந்து நிமிடத்துக்குள் அந்தப் போலி நிரல் ரூட்டாக ஓடியது. பிறகு உண்மையான ஏட்ரன் பழையபடி தன் இடத்துக்கு வந்துவிட்டது. தடயம் மிச்சமில்லை.

மாதக்கணக்கில் ஸ்டோல் பின்தொடர்ந்ததில் அந்த ஆள் மேற்கு ஜெர்மனியின் ஹனோவரைச் சேர்ந்த மார்கஸ் ஹெஸ் என்றும், திருடிய தகவல்கள் சோவியத் உளவு அமைப்பான கேஜிபிக்கு விற்கப்பட்டன என்றும் தெரியவந்தது. சுமார் 450 கணினிகளை அவர் தட்டிப் பார்த்திருந்தார்; 30க்கும் மேற்பட்டவை திறந்துகொண்டன. இந்தக் கதையை உளவுக் கதையாகவே பலரும் சொல்வார்கள். இயங்குதளப் பாதுகாப்பின் வரலாற்றில் அதற்கு வேறோர் இடம் உண்டு. ‘அதிகார உயர்த்தல்’ என்று துறையில் சொல்லப்படும் ஓட்டைக்கு அது முழுமையான உதாரணம். உள்ளே வர ஒரு வழி, வந்தபின் மேலே ஏற இன்னொரு வழி. முதல் வழியைப் பற்றித்தான் உலகம் எப்போதும் கவலைப்பட்டது. இரண்டாவதை, ‘ஏற்கெனவே உள்ளே இருப்பவர்தானே’ என்று ஒதுக்கி வைத்தது. பழைய இயங்குதளங்களில் இவ்வகை ஓட்டைகள் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் உயிரோடு இருந்ததற்கு அந்த எண்ணம் பெரிய காரணம்.

அடிப்படை ஏற்பாடு எளிமையானது. கெர்னல் எனப்படும் மையப் பகுதி நினைவகத்தையும் வட்டையும் நேரடியாகத் தொடலாம். பயனரின் நிரல் தொட முடியாது. வேண்டியதைக் கெர்னலிடம் கேட்டுத்தான் பெற வேண்டும். இந்த எல்லையைக் காக்கும் பொறுப்பில் ஒரு பாதி செயலியில் வன்பொருளாகவே இருக்கிறது. மறுபாதி, கேட்கும் ஒவ்வொரு கோரிக்கையையும் கெர்னலும் அதிகாரமுள்ள நிரல்களும் சரிபார்ப்பதில் இருக்கிறது. ஓட்டைகளில் பெரும்பாலானவை இந்த மறுபாதியில்தான் விழுந்திருக்கின்றன.

ஒரே கணினியைப் பலர் பகிரத் தொடங்கிய 1960களிலேயே சிக்கல் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்த சிடிஎஸ்எஸ் இயங்குதளத்தில் 1966இல் ஒரு நாள், உள்நுழைந்த எல்லோருடைய திரையிலும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் அறிவிப்புக் கோப்பையும் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பையும் ஒரே அடைவில் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்தார்கள். திருத்தி நிரலோ தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். ஒரு அடைவில் ஒருவர்தான் வேலை செய்வார் என்ற அனுமானத்தில் எழுதப்பட்ட நிரல் அது. அந்த அமைப்பை உருவாக்கிய ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவே பின்னாளில் தன் டூரிங் விருது உரையில் இதை விவரித்தார். இதில் தாக்கியவர் என்று யாருமே இல்லை. ஆனாலும் பின்னால் வந்த பல ஓட்டைகளின் சாயல் இதில் இருக்கிறது: இருவர் ஒரே பொருளை ஒரே நேரத்தில் தொடுவார்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்தச் சாயலை ஐபிஎம்மின் ஓஎஸ்/360இல் தெளிவாகப் பார்க்கலாம். கடவுச்சொல் இட்ட கோப்பைத் திறக்க, இயங்குதளம் பயனரின் நினைவகத்திலிருந்து கோப்பின் பெயரைப் படிக்கும். கடவுச்சொல் சரியா என்று பார்க்கும். சரியென்றால் பெயரை இன்னொரு முறை படித்துக் கோப்பைத் திறக்கும். இரண்டு முறை படிப்பதற்கு நடுவே பயனர் பெயரை மாற்றிவிட்டால்? தன் கோப்புக்குத் தன் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் கோப்பைத் திறந்துகொள்ளலாம். சோதிக்கும் நேரத்துக்கும் பயன்படுத்தும் நேரத்துக்கும் இடையிலான இந்த இடைவெளி இன்றுவரை பாதுகாப்பு ஆய்வாளர்களின் முதல் வேட்டைக்களம். தன் எம்விஎஸ் இயங்குதளத்தில் இப்படி அதிகாரம் மீறும் வழி எது தெரியவந்தாலும் சரிசெய்து தருவோம் என்று ஐபிஎம் 1973இல் எழுத்துபூர்வமாக உறுதி கொடுத்தது. அன்று அது பெரிய அடி.

பிடிபி-10 கணினிகளுக்காக பிபிஎன் நிறுவனம் எழுதிய டெனெக்ஸில் இருந்த ஓட்டை இன்னும் நுட்பமானது. சற்று நின்று பார்க்கத் தகுந்தது. வேறொருவரின் அடைவுக்குள் போக அவருடைய கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். இயங்குதளம் அதை எழுத்தெழுத்தாக ஒப்பிடும். தவறான எழுத்து வந்ததும் நிறுத்திவிடும். நினைவகமோ பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பக்கம் நினைவகத்தில் இல்லாதபோது அதைத் தொட நேர்ந்தால், அப்படித் தொட்டது பயனருக்குத் தெரிந்துவிடும். ஆகவே தாக்குபவர் தன் உத்தேசக் கடவுச்சொல்லின் முதல் எழுத்தை ஒரு பக்கத்தின் கடைசி இடத்திலும், மீதியை நினைவகத்தில் இல்லாத அடுத்த பக்கத்திலும் வைப்பார். முதல் எழுத்து தவறென்றால் ஒப்பீடு அங்கேயே முடியும்; அடுத்த பக்கம் தீண்டப்படாது. தீண்டப்பட்டால் முதல் எழுத்து சரி. பிறகு ஓர் இடம் நகர்த்தி இரண்டாம் எழுத்து. 128 குறியீடுகளில் எட்டு எழுத்துக் கடவுச்சொல்லை முழுதாக ஊகிக்க சுமார் 720 கோடி கோடி முயற்சிகள் வேண்டும். இந்த முறையிலோ அதிகபட்சம் 1,024. கடவுச்சொல் ஒப்பீடு, நினைவக மேலாண்மை இரண்டுமே தனித்தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் வேலை செய்தன. அவை சந்திக்கும் இடத்தில் ரகசியம் கசிந்தது. 2018இல் வெளியான மெல்ட்டவுன் ஓட்டையில், கெர்னலின் ரகசியங்களைச் செயலியின் கேஷ் நினைவகம் காட்டிக்கொடுத்ததும் இதே வழியில்தான்.

பாதுகாப்பை மனத்தில் வைத்தே கட்டப்பட்ட மல்டிக்ஸும் தப்பவில்லை. அதிகாரத்தை உள்ளடுக்கு, வெளியடுக்கு என வளையங்களாகப் பிரித்த முன்னோடி அது. அமெரிக்க விமானப்படைக்காக பால் கார்கரும் ரோஜர் ஷெல்லும் அதை உடைத்துப் பார்த்து 1974இல் அறிக்கை கொடுத்தார்கள். வன்பொருளிலும் மென்பொருளிலும் வழிகள் கிடைத்தன. மொழிமாற்றியான கம்பைலருக்குள்ளேயே ரகசியக் கதவை ஒளித்துவைக்க முடியும் என்றும் அந்த அறிக்கை சொன்னது. யூனிக்ஸின் கென் தாம்ப்சன் 1984இல் தன் டூரிங் உரையில் செய்துகாட்டியது அந்தக் கருத்தைத்தான். 1976இல் ரைசோஸ் என்ற ஆய்வுத் திட்டம் ஓஎஸ்/எம்விடி, யுனிவாக் எக்ஸெக் 8, டெனெக்ஸ் ஆகியவற்றை ஆராய்ந்து ஓட்டைகளை வகைப்படுத்தியது. உள்ளீட்டை அரைகுறையாகச் சோதிப்பது, சோதித்ததற்கும் பயன்படுத்துவதற்கும் இடையே நழுவ விடுவது, எல்லை மீறும் எண்ணைத் தடுக்காமல் விடுவது என்று அன்று எழுதிய தலைப்புகளுக்குக் கீழே இந்த ஆண்டு வெளியான ஓட்டைகளையும் கொண்டுபோய் வைக்கலாம். ஆகவே, ‘அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது’ என்ற சமாதானம் எடுபடாது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நோய்க்குப் பெயர் வைத்தாயிற்று.

யூனிக்ஸில் சிக்கலின் மையம் டென்னிஸ் ரிச்சி கண்டுபிடித்த ஓர் அழகான யோசனை. ஒரு நிரலை யார் ஓட்டினாலும், அது தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும்படி ஒரு குறி வைக்கலாம். இதுதான் செட்யூஐடி. தன் கடவுச்சொல்லைத் தானே மாற்றிக்கொள்ளும் பயனர், தான் தொடக்கூடாத கடவுச்சொல் கோப்பை ஒரு கண நேரம் தொட வேண்டியிருக்கிறதே, அதற்கான தீர்வு. 1979இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. பிறகு அது பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது. யோசனையில் பிழை இல்லை. ஆனால் அந்தக் குறி விழுந்த நிரல் ஒவ்வொன்றும் கெர்னலைப் போலவே கவனமாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் மறைந்திருந்தது. மூவ்மெயிலை எழுதியவர் அப்படியொரு பொறுப்பு தன் தலையில் விழும் என்று எதிர்பார்த்திருக்க வழியில்லை.

புது அடைவு உருவாக்கும் எம்கேடிர் கட்டளையைப் பாருங்கள். பழைய யூனிக்ஸில் அது ரூட்டாக ஓடும் நிரல். முதல் படியில் ரூட்டின் பெயரில் அடைவை உருவாக்கும்; இரண்டாம் படியில் அதன் உரிமையைப் பயனருக்கு மாற்றும். இரண்டுக்கும் நடுவே பயனர் அந்த அடைவை நீக்கிவிட்டு, அதே பெயரில் கடவுச்சொல் கோப்புக்கு ஓர் இணைப்பை வைத்துவிட்டால், இரண்டாம் படி கடவுச்சொல் கோப்பையே அவருக்கு உரிமையாக்கிவிடும். கணினியில் சுமையை ஏற்றி எம்கேடிரை மெதுவாக்கினால் நேரம் தாராளமாகக் கிடைக்கும். 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில், அடைவு உருவாக்கத்தைக் கெர்னலுக்குள்ளேயே ஒரே படியாக வைத்துச் சரிசெய்தார்கள். ஓட்டையை ஒட்டுப்போடாமல் வடிவமைப்பையே மாற்றிய நல்ல திருத்தம் அது. அப்படிப்பட்டவை அபூர்வம்.

சன் ஓஎஸ்ஸில் லோட்மாட்யூல் என்ற நிரல் ரூட்டாக ஓடிக்கொண்டே, கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லின் உதவியை நாடியது. சொற்களைப் பிரிக்கும் குறி எது என்று ஷெல்லுக்குச் சொல்லும் மாறியில் பயனர் சாய்கோட்டை எழுதிவைத்தால், கோப்பின் முழு முகவரி துண்டுதுண்டாக உடைந்து, நடப்பு அடைவில் ‘பின்’ என்ற பெயரில் அவர் எழுதிவைத்த நிரல் ரூட்டாக ஓடும். 1993இல் இதற்கு எச்சரிக்கை வந்தது. அடுத்த ஆண்டே, ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இயங்குதளத்தில், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் ஆர்லாகின் வழியே பயனர் பெயருக்குப் பதிலாக ஒரு சிறு கட்டளைக் குறியை அனுப்பினால் கடவுச்சொல் கேட்காமலே ரூட்டாக உள்ளே விடும் என்று தெரிந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2007இல், சோலாரிஸ் 10இன் டெல்நெட்டில் கிட்டத்தட்ட அச்சு அசலாக அதே தவறு. எச்சரிக்கை அறிக்கைகள் கோப்பில் இருந்தன; நிரல் எழுதியவர்களின் மேசைக்கு அவை போய்ச் சேரவில்லை.

இவற்றுக்கெல்லாம் பொதுவான காரணத்தை நார்ம் ஹார்டி 1988இல் ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். டைம்ஷேர் நிறுவனக் கணினியில் ஃபோர்ட்ரான் கம்பைலருக்குத் தன் சொந்த அடைவில் புள்ளிவிவரம் எழுதும் அனுமதி இருந்தது. கட்டணக் கணக்குக் கோப்பும் அதே அடைவில்தான் இருந்தது. ஒரு பயனர், வெளியீட்டை எழுத வேண்டிய கோப்பு என்று அந்தக் கணக்குக் கோப்பின் பெயரையே கொடுத்தார். கம்பைலர் தன் அனுமதியைப் பயன்படுத்தி அதை அழித்து எழுதியது. ‘குழம்பிய காரியஸ்தர்’ என்று ஹார்டி இதற்குப் பெயர் வைத்தார்: இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்யும் நிரலுக்கு, இந்தக் கணத்தில் யாருடைய அதிகாரத்தில் செயல்படுகிறோம் என்பது தெரிவதில்லை. மூவ்மெயிலும் லோட்மாட்யூலும் இந்தக் குடும்பம்தான்.

விண்டோஸின் வரலாறு வேறு விதம். 95, 98 பதிப்புகளில் உயர்த்திக்கொள்ள அதிகாரமே இல்லை. கணினி முன் உட்கார்ந்தவரே எல்லாம். கடவுச்சொல் பெட்டியில் ரத்து பொத்தானை அழுத்தினாலே உள்ளே போய்விடலாம். உண்மையான எல்லைகள் 1993இல் விண்டோஸ் என்டியோடு வந்தன. டெக் நிறுவனத்தில் விஎம்எஸ்ஸை வடிவமைத்த டேவ் கட்லரின் குழு கட்டிய அமைப்பு அது. ஆனால் 1996இல் என்டி 4.0 வந்தபோது, வேகத்துக்காகச் சாளரங்களையும் எழுத்துருக்களையும் வரையும் பகுதியைக் கெர்னலுக்குள் கொண்டுபோனார்கள். அன்றைய செயலிகளில் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு. அதன் விலையைப் பின்வந்த இருபது ஆண்டுகள் கொடுத்தன. 2011இல் டூக்கு என்ற உளவு மென்பொருள் ஒரு வேர்ட் ஆவணத்துக்குள் ஓர் எழுத்துருவை வைத்து அனுப்பியது. அந்த எழுத்துருவைப் படித்தது கெர்னல். படிக்கும்போது இடறியதும் கெர்னல்தான். ஆவணத்தைத் திறந்த சாதாரணப் பயனரின் கணினி முழுவதும் கைமாறியது.

இணக்கத்துக்காக விட்டுவைத்த பழைய நிரல் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு என்டியின் டாஸ் பகுதியைவிடச் சிறந்த சான்று இல்லை. 16 பிட் டாஸ் நிரல்கள் ஓடுவதற்காக 1993இன் முதல் பதிப்பிலேயே ஒரு மெய்நிகர் டாஸ் இயந்திரம் வைக்கப்பட்டது. அதற்குச் சேவை செய்யும் கெர்னல் பகுதியில் இருந்த ஓட்டையை கூகுளின் டாவிஸ் ஓர்மண்டி 2009 ஜூனில் மைக்ரோசாஃப்டுக்குத் தெரிவித்தார். திருத்தம் வராததால் 2010 ஜனவரியில் அதைப் பொதுவெளியில் வைத்தார். அதாவது என்டி 3.1 முதல் 32 பிட் விண்டோஸ் 7 வரை, 17 ஆண்டுகள். டாஸ் நிரலை வாழ்நாளில் ஓட்டியிராத கோடிக்கணக்கானோரின் கணினியிலும் அது திறந்தே கிடந்தது. பிப்ரவரியில் திருத்தம் வந்ததும் சில விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் நீலத் திரையில் நின்றுபோயின. ஆராய்ந்தால், அவற்றில் தன்னை மறைத்துக்கொள்ளும் அலூரியன் என்ற தீநிரல் (ரூட்கிட்) ஏற்கெனவே கெர்னலுக்குள் குடியேறியிருந்தது. திருத்தம் கெர்னலில் இடங்களை மாற்றியதும் அது தடுமாறிக் கணினியையும் சாய்த்துவிட்டது.

விஎம்எஸ்ஸில் இதைவிடப் பழையது ஒன்று 2018இல் வெளியானது. கட்டளைகளைப் படிக்கும் டிசிஎல் ஷெல்லில், 1984இன் 4.0 பதிப்பு முதலே இருந்த ஓட்டை; வாக்ஸ், ஆல்ஃபா கணினிகளில் சாதாரணப் பயனர் அதிகாரத்தைக் கைப்பற்ற முடியும். முப்பத்து மூன்று ஆண்டுகள்! நம்பகத்துக்குப் பெயர்போன, தொழிற்சாலைகளும் வங்கிகளும் நம்பி ஓட்டிய இயங்குதளம் அது.

மூலநிரல் திறந்திருந்தால் கண்கள் பல பார்க்கும், ஓட்டை நிலைக்காது என்பது லினக்ஸ் உலகின் நம்பிக்கை. சில நேரம் அது பலித்தது. 2003 நவம்பரில் லினக்ஸ் கெர்னலின் ஒரு நகல் களஞ்சியத்தில் யாரோ இரண்டு வரிகளைச் செருகினார்கள். பயனர் எண் பூச்சியமா என்று சோதிப்பதைப் போல எழுதப்பட்டிருந்தது. ஆனால் இரண்டு சமக்குறிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. சி மொழியில் இரண்டு என்றால் ஒப்பீடு, ஒன்று என்றால் மாற்றி எழுது என்று பொருள். பூச்சியம் என்பது ரூட்டின் எண். குறிப்பிட்ட விதமாக ஒரு அழைப்பைச் செய்பவர் அந்த நொடியே ரூட் ஆகிவிடுவார். முதன்மைக் களஞ்சியத்தில் இல்லாத மாற்றம் நகலில் இருப்பதைக் கவனித்ததால் வெளியே போகுமுன் பிடித்துவிட்டார்கள்.

அதே மாதம் டெபியன் லினக்ஸ் திட்டத்தின் நான்கு சேவைக் கணினிகள் வீழ்ந்தன. ஒரு நிரலாளரிடமிருந்து திருடிய கடவுச்சொல்லால் ஒருவர் உள்ளே வந்தார்; நினைவகத்தை நீட்டித் தரும் கெர்னல் பகுதியில் எல்லைச் சோதனை இல்லாததைப் பயன்படுத்தி ரூட் ஆனார். அந்தப் பிழை செப்டம்பரிலேயே கவனிக்கப்பட்டிருந்தது. 2.4.22 பதிப்பில் சேரும் நேரம் தாண்டிவிட்டதால் அடுத்த பதிப்புக்குத் தள்ளிப்போனது. உள்ளூர்ப் பிழைதானே என்று அவசரம் காட்டாத மனநிலைக்கு இதைவிடக் கசப்பான பாடம் கிடைப்பது அரிது.

பிறகு வந்தவை நீண்ட ஆயுள்காரர்கள். 2016இல் வெளியான டர்ட்டி கவ், 2007 முதல் கெர்னலில் இருந்த நேரப் போட்டிப் பிழை. படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பில் எழுத வைத்தது. லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸே அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திருத்தம் செய்திருந்தார். வேறொரு சிக்கலால் அது திரும்பப் பெறப்பட்டிருந்தது. அனுமதி பெற்ற பயனர் ரூட்டாகக் கட்டளை ஓட்ட உதவும் சுடோவில் 2011இல் புகுந்த பிழை 2021 வரை இருந்தது. அதே வகை வேலை செய்யும் பிகேஎக்ஸெக் நிரலின் ஓட்டை 2009 முதல் 2022 வரை. எந்த நிரலுக்கும் முதல் உள்ளீடாக அதன் பெயர் வந்தே தீரும் என்று பிகேஎக்ஸெக் நம்பியது. உள்ளீடே இல்லாமல் அழைத்தால், அடுத்திருந்த சூழல் மாறிகளின் நினைவகத்துக்குள் கைவைத்தது. இந்த விசித்திரத்தை ஒரு நிரலாளர் 2013இலேயே எழுதியும் இருந்தார். யாரும் அதைத் தொடரவில்லை.

தாக்குபவர்கள் ‘உள்ளூர் ஓட்டை’ என்று இவற்றை ஒருநாளும் மட்டமாக நினைத்ததில்லை. ஈரானின் நத்தான்ஸ் அணு நிலையத்தைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரலில் அதுவரை அறியப்படாத நான்கு விண்டோஸ் ஓட்டைகள் இருந்தன. அவற்றில் இரண்டு அதிகாரத்தை உயர்த்துவதற்கென்றே வைக்கப்பட்டவை. விசைப்பலகை அமைப்புக் கோப்பைப் படிக்கும் பகுதி பழைய விண்டோஸ் 2000, எக்ஸ்பிக்கு. பணி அட்டவணை நிரல் விஸ்டா, விண்டோஸ் 7க்கு. எந்தப் பதிப்பில் போய் விழுந்தாலும் மேலே ஏற ஏணி தயார்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்திய ஏடிஎம்கள் பலவற்றில் அது ஓடிக்கொண்டிருந்தது. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி தேதி குறித்து, 2019 ஜூனுக்குள் எல்லா ஏடிஎம்களையும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற்றச் சொன்னது. யூஎஸ்பி துளைகளை அடைக்கவும், செருகியதும் நிரல்கள் தானாக ஓடுவதை நிறுத்தவும் ஆணையிட்டது. அந்த உத்தரவில் உள்ளூர் தாக்குதலைப் பற்றிய சரியான புரிதல் இருக்கிறது. ஏடிஎம்முக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் யாரும் ‘உள்ளே இருப்பவர்’தான்.

இன்றைய மாற்றங்களில் நம்பிக்கை தருபவை வடிவமைப்பைத் தொடுபவை. விண்டோஸ் 10 எழுத்துருப் படிப்பைக் கெர்னலிலிருந்து வெளியே, அதிகாரம் குறைந்த ஒரு நிரலுக்கு மாற்றியது. 16 பிட் டாஸ் இயந்திரம் 64 பிட் விண்டோஸில் இடம்பெறவே இல்லை. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பும் கிடையாது. உள்ளீடே இல்லாத அழைப்பை ஓப்பன்பிஎஸ்டி முன்பிருந்தே மறுத்துவந்தது. பிகேஎக்ஸெக் விவகாரத்துக்குப் பின் லினக்ஸ் 5.18 அப்படி அழைத்தால் ஒரு வெற்று உள்ளீட்டைத் தானே சேர்த்துவிடுகிறது. நினைவகப் பிழைகளைத் தடுக்கும் ரஸ்ட் மொழியில் திரும்ப எழுதிய சுடோவை 2025 அக்டோபரில் உபுண்டு லினக்ஸ் 25.10 இயல்பாக ஏற்றுக்கொண்டது. அதுவும் ரிச்சியின் செட்யூஐடி குறியோடுதான் ஓடுகிறது. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 256ஆம் பதிப்போடு 2024இல், சுடோவுக்கு மாற்றாக வந்த ரன்0 அந்தக் குறியையே கைவிட்டது: பயனரின் நிரலுக்கு அதிகாரம் தருவதற்குப் பதிலாக, ஏற்கெனவே ரூட்டாக ஓடும் சேவையிடம் கோரிக்கை வைக்கிறது, அந்தச் சேவை பயனரின் சூழல் மாறிகளைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளாமல் கட்டளையைப் புதிதாகத் தொடங்கி வைக்கிறது.